நாடாளுமன்றம்: தில்லிவாழ் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தில்லியில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், பணி மாற்றலில் அண்மையில் வந்து சேர்ந்தவர்களிடமும் நாடாளுமன்றத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. மத்தியச் செயலக மெட்ரோ நிலையத்தில் தினமும் இறங்கி ஏறுபவர்களுக்குக்கூட அந்த வளாகத்துக்குள் நடப்பவற்றில் அமளியும் வெளிநடப்பும்தான் செய்தியாக வந்து சேர்கின்றன. சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் பாதி வேலைதான். அரசைக் கேள்வி கேட்டுப் பதில் சொல்ல வைப்பது மறுபாதி. அந்த மறுபாதியே குடிமக்களுக்கு அதிகம் பயன்படுவது என்ற எண்ணத்தோடு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

நாடாளுமன்றம் என்றால் மக்களவையும் மாநிலங்களவையும் மட்டும்தானா?

இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 79ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம். குடியரசுத் தலைவர் எந்த அவையிலும் உறுப்பினர் அல்லர். ஆனால் கூட்டத்தொடரைக் கூட்டுவதும், முடித்து வைப்பதும், மக்களவையைக் கலைப்பதும், இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் தருவதும் அவர் பெயரிலேயே நடக்கின்றன. இவை எல்லாவற்றிலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும்.

மக்களவையில் இப்போது 543 இடங்கள். இரண்டு ஆங்கிலோ-இந்திய உறுப்பினர்களை நியமிக்கும் ஏற்பாடு 2020 ஜனவரியோடு முடிவுக்கு வந்துவிட்டது. மாநிலங்களவையில் 245 இடங்கள். அவற்றில் 233 பேர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள், 12 பேர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர்கள். தமிழ்நாட்டின் பங்கு மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18. புதுச்சேரிக்கு இரண்டிலும் ஒவ்வோர் இடம்.

தில்லியில் வாக்குரிமை உள்ள ஒரு தமிழருக்கு எம்.பி. யார்?

ஊர் தமிழ்நாட்டில் இருந்தாலும், வாக்கு எங்கே இருக்கிறதோ அந்தத் தொகுதியின் உறுப்பினர்தான் உங்கள் எம்.பி. தில்லிக்கு மக்களவையில் ஏழு இடங்கள் உள்ளன. கரோல் பாக், ஆர்.கே. புரம் பகுதிகளில் வாழ்பவர்கள் புதுதில்லித் தொகுதியைச் சேர்ந்தவர்கள். ஜனக்புரி மேற்கு தில்லியில் வருகிறது. மயூர் விகார் கிழக்கு தில்லியில் வருகிறது. யமுனைக்கு இக்கரையில் இருக்கும் ஜங்புராவும் கிழக்கு தில்லித் தொகுதிக்குள்தான் அடங்கும் என்பது அங்கே குடியிருப்பவர்களிலேயே பலருக்குத் தெரிவதில்லை. இவர்களைத் தவிர, தில்லிச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கும் மூன்று மாநிலங்களவை உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் எம்.பி.க்களிடம் மொழி உரிமையோடு குறை சொல்வது நம் மக்களின் பழக்கம். அதில் தவறில்லை, பல உறுப்பினர்கள் உதவவும் செய்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு உங்களிடம் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராஸி கேம்ப் குடியிருப்பு, உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கிருந்த 370 குடிசைகளில் 189 மட்டுமே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று முடிவாயிற்று. வேலைக்கும் பள்ளிக்கும் வெகுதூரத்தில், நகரின் வடகோடியில் இருக்கும் நரேலாவில் அந்த வீடுகளின் நிலை என்ன, தகுதி மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகள் என்ன ஆயின என்பவை, தில்லி வளர்ச்சி ஆணையத்தைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்திடம் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கேட்கக்கூடிய கேள்விகள். அதைக் கேட்கும் முதல் கடமை அந்தத் தொகுதியின் உறுப்பினருக்கே உரியது.

தில்லிக்குத்தான் தனிச் சட்டமன்றம் இருக்கிறதே, நாடாளுமன்றம் ஏன் இவ்வளவு தலையிடுகிறது?

தில்லி முழு மாநிலம் அன்று. 1991ஆம் ஆண்டின் 69ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 239ஏஏ பிரிவு இந்த நகருக்கு 70 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றத்தைத் தந்தபோதே, பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் ஆகிய மூன்றையும் அதன் கையில் தராமல் நிறுத்திக்கொண்டது. மற்ற விஷயங்களிலும் நாடாளுமன்றம் தில்லிக்காகச் சட்டம் இயற்றலாம். முரண்பாடு வந்தால் நாடாளுமன்றத்தின் சட்டமே நிற்கும்.

இதன் விளைவு அன்றாட வாழ்க்கையிலேயே தெரியும். தில்லி மாநகராட்சியை மூன்றாகப் பிரித்தது சட்டமன்றம் இயற்றிய சட்டம். 2012 முதல் பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. 2022இல் மூன்றையும் மீண்டும் ஒன்றாக்கியது நாடாளுமன்றத்தின் சட்டம். அதிகாரிகளின் நியமனமும் இடமாற்றமும் தில்லி அரசின் அதிகாரத்தில் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே 11 அன்று தீர்ப்பளித்தது. மே 19 அன்று அதை மாற்றும் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அதையே நிரந்தரச் சட்டமாக்கியது. சென்னையிலோ மதுரையிலோ வாழ்பவரைக் காட்டிலும் தில்லிவாசியின் தெரு, காவல் நிலையம், குப்பை வண்டி ஆகியவற்றோடு நாடாளுமன்றத்துக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஆகவே இங்கே எம்.பி. தேர்தலை ‘தேசிய விவகாரம்’ என்று மட்டும் கருதி வாக்களிப்பது போதாது.

அவசரச் சட்டம் என்பது என்ன?

இரு அவைகளும் ஒருசேரக் கூடியிராத காலத்தில், உடனடி நடவடிக்கை தேவை என்று கருதினால் குடியரசுத் தலைவர் 123ஆவது பிரிவின்கீழ் பிறப்பிப்பது. நாடாளுமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வாரங்களுக்குள் ஏற்கப்படாவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத மாநிலங்களவை எதற்கு?

மாநிலங்களவை கலைக்கப்படுவதில்லை. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். ஒரே தேர்தலில் எழும் அலை நாட்டின் சட்டங்கள் முழுவதையும் ஒரே நாளில் புரட்டிப் போட்டுவிடாமல் இந்த அமைப்பு தடுக்கிறது. மாநிலங்களுக்கென ஒதுக்கப்பட்ட மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமானால், அவைக்கு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு மாநிலங்களவைதான் முதலில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஐ.ஏ.எஸ். போன்ற புதிய அனைத்திந்தியப் பணிகளை உருவாக்குவதற்கும் அதே நிபந்தனை. இவ்விரண்டும் மக்களவைக்கு இல்லாத அதிகாரங்கள்.

இந்த அவையின் பலவீனம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மாநிலத்தின் பிரதிநிதி அந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற விதியை 2003இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அதன் பிறகு கட்சிகள் தங்களுக்கு வசதியான மாநிலத்திலிருந்து தலைவர்களை அனுப்புகின்றன. ப. சிதம்பரம் 2016இல் மகாராஷ்டிரத்திலிருந்தும், நிர்மலா சீதாராமன் அதே ஆண்டில் கர்நாடகத்திலிருந்தும் தேர்வானார்கள். இருவரின் தகுதியைப் பற்றிய பேச்சன்று இது; மாநிலங்களின் குரலாக இருக்க வேண்டிய அவைக்கு இந்த மாற்றம் நன்மை செய்யவில்லை என்பதே நம் கருத்து.

நியமன உறுப்பினர்கள் இலக்கியம், அறிவியல், கலை, சமூகப் பணி ஆகிய துறைகளிலிருந்து வருகிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேல், எம்.எஸ். சுவாமிநாதன், இளையராஜா ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள்.

ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது?

அறிமுகம், விவாதம், பிரிவு பிரிவாக ஆய்வு, வாக்கெடுப்பு என்று ஓர் அவையில் முடிந்த பிறகு மற்ற அவையிலும் அதே வழியில் செல்லும். பின்னர் குடியரசுத் தலைவரின் ஒப்புதல். அவர் பண மசோதா அல்லாத ஒன்றை மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். இவ்வளவையும் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடலாம்.

பாடப்புத்தகத்தில் அதிகம் பேசப்படாத கட்டம் ஒன்று இடையில் இருக்கிறது. மசோதாவைத் துறைசார்ந்த நிலைக்குழுவுக்கு அனுப்பி, வல்லுநர்களையும் பாதிக்கப்படுவோரையும் அழைத்துக் கேட்டு, வரி வரியாகத் திருத்தும் கட்டம் அது. அனுப்புவது கட்டாயம் அன்று. 15ஆவது மக்களவையின் காலத்தில் மசோதாக்களில் ஏறத்தாழ 71 விழுக்காடு குழுக்களுக்குச் சென்றன. 16ஆவது மக்களவையில் அது 25 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. 17ஆவதில் இன்னும் சரிந்து 16 விழுக்காட்டளவில் நின்றது. ஒரு சட்டம் நிறைவேறிய பிறகு தெருவில் போராடித் திருத்த முயல்வதைவிட, குழுவின் மேசையில் பேசித் திருத்துவது எல்லாருக்கும் எளிது. 2020 செப்டம்பரில் குழுவுக்கு அனுப்பப்படாமல் நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்கள், தில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாக நடந்த விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு, 2021 நவம்பர் 29 அன்று ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமின்றித் திரும்பப் பெறப்பட்டன. இயற்றியபோதும் போதிய ஆய்வு இல்லை, நீக்கியபோதும் விவாதம் இல்லை.

குரல் வாக்கெடுப்பு என்று செய்திகளில் வருகிறதே, அது சரியான முறையா?

ஆதரிப்போர் ‘ஆம்’ என்றும் எதிர்ப்போர் ‘இல்லை’ என்றும் குரல் கொடுக்க, எது ஓங்கியிருக்கிறது என்று அவைத்தலைவர் கணித்து அறிவிப்பதே குரல் வாக்கெடுப்பு. பெரும்பாலான அலுவல்கள் இப்படித்தான் முடிகின்றன. கருத்து வேறுபாடு இல்லாதபோது இதில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அவையின் முடிவை எந்த உறுப்பினராவது ஏற்க மறுத்தால், பெயர்வாரியாகப் பதிவாகும் வாக்கெடுப்பைக் கேட்க விதி இடம் தருகிறது. வேளாண் மசோதாக்கள் 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது எழுந்த சச்சரவே இதைப் பற்றியதுதான். 2014 பிப்ரவரியில், வேறொரு கட்சியின் ஆட்சிக்காலத்தில், தெலங்கானா மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியபோது தொலைக்காட்சி ஒளிபரப்பே நின்றுபோயிருந்தது. எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பதிவாகாத ஒரு முடிவைக் காட்டி, வாக்காளர் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது.

பண மசோதா என்றால் மாநிலங்களவைக்கு அதிகாரமே இல்லையா?

பரிந்துரை செய்யலாம், நிராகரிக்க முடியாது. வரி, கடன், அரசின் தொகுப்பு நிதி ஆகியவற்றை மட்டும் பற்றிய மசோதா பண மசோதா எனப்படும். மாநிலங்களவை அதை 14 நாள்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்; அதன் பரிந்துரைகளை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்று சான்றளிப்பவர் மக்களவைத் தலைவர். 2016இல் ஆதார் மசோதா இந்த வழியில் நிறைவேறியதை எதிர்த்த வழக்கில், 2018இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். நீதிபதி சந்திரசூட் அதை அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றும் செயலாகக் கருதி மாறுபட்ட தீர்ப்பெழுதினார். மறு ஆண்டே வேறொரு வழக்கில் இந்தக் கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால்?

குடியரசுத் தலைவர் கூட்டு அமர்வைக் கூட்டலாம். சட்டமியற்றுவதற்காக இதுவரை மூன்று முறைதான் அப்படி நடந்துள்ளது: 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம், 1978இல் வங்கிப் பணியாளர் தேர்வாணைய நீக்கச் சட்டம், 2002இல் பொடா எனப்படும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். பண மசோதாவுக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கும் கூட்டு அமர்வு கிடையாது.

கேள்வி நேரத்தில் உண்மையில் என்ன நடக்கிறது?

மக்களவையில் காலை 11 மணிக்கும், மாநிலங்களவையில் நண்பகல் 12 மணிக்கும் தொடங்குகிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்வார். உறுப்பினர்கள் உடனே துணைக் கேள்விகள் கேட்கலாம். நட்சத்திரக் குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளுக்கு முதல்வகை 20, இரண்டாம் வகை 230. எவை இடம்பெறும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. குறைந்தது 15 நாள்களுக்கு முன்பே முன்னறிவிப்பு தர வேண்டும்.

நாடாளுமன்றத்தின் நாளில் மிக மதிப்புள்ள ஒரு மணி நேரம் இதுதான். தயாரித்து வந்த பதிலை வாசித்து முடித்துவிடலாம். துணைக் கேள்விக்கு அப்படித் தப்ப முடியாது. 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதை ஃபெரோஸ் காந்தி மக்களவையில் கிளப்பினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சொந்தக் கட்சி அரசையே அவையில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற மரபுக்கு இது சான்று. இன்று அந்த மரபு மெலிந்துவிட்டது.

இந்த நேரம் அமளியில் வீணாகும்போது நஷ்டம் எதிர்க்கட்சிக்கே அதிகம். அமைச்சருக்கு ஒரு நெருக்கடி குறைகிறது. 2020 செப்டம்பரில் நடந்த மழைக்காலக் கூட்டத்தொடரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரமே நீக்கப்பட்டது. அது மீண்டும் நடக்கக் கூடாத முன்னுதாரணம். எழுத்துப் பதில்கள் யாவும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒரு தொடர்வண்டித் திட்டமோ, மருத்துவமனைக் கட்டுமானமோ எந்த நிலையில் உள்ளது என்று அறிய விரும்புபவர் முதலில் தேட வேண்டிய இடம் அது.

கேள்வி நேரத்தை அடுத்து உறுப்பினர்கள் அவசரப் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம் விதிப்புத்தகத்தில் இல்லாதது, நடைமுறையில் வளர்ந்தது. மாநிலங்களவையில் அது 11 மணிக்கே வந்துவிடுகிறது.

பட்ஜெட்டை நாடாளுமன்றம் மாற்ற முடியுமா?

சட்டப்படி, நாடாளுமன்றத்தின் அனுமதியின்றி ஒரு ரூபாய்கூட வசூலிக்கவும் முடியாது, செலவிடவும் முடியாது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டி அளித்தார். இப்போது பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் வருகிறது. செலவுக்கு அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கைகள் அமைச்சக வாரியாக வாக்கெடுப்புக்கு வரும்போது, தொகையைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொண்டுவர உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில், ஒதுக்கிய நாள் முடிந்ததும் எஞ்சிய கோரிக்கைகள் அனைத்தும் விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேற்றப்படும். 2018இலும் 2023இலும் அமளிக்கிடையே எந்தக் கோரிக்கையும் விவாதிக்கப்படாமலே முழுச் செலவும் நிறைவேறியது. இது கவலைக்குரிய நிலை.

செலவான பிறகு கணக்குப் பார்க்கும் வேலை நன்றாக நடக்கிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது. மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7 என 22 உறுப்பினர்கள். 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினரே தலைவர். துறைசார் நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர். இவை மூடிய அறையில் கூடுகின்றன. கேமரா இல்லாத இடத்தில் கட்சி எல்லை தளர்ந்து, உறுப்பினர்கள் கோப்பைப் படித்துவிட்டு வந்து பேசுகிறார்கள். அவற்றின் அறிக்கைகள் அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பரிந்துரைகளை ஏற்றதா இல்லையா என்று அரசு பதில் தர வேண்டும்.

ஆளுங்கட்சி அல்லாத ஓர் உறுப்பினரால் சட்டம் கொண்டுவர முடியுமா?

அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் தனிநபர் மசோதா கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமைப் பிற்பகல் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. இவ்வழியில் இதுவரை 14 மசோதாக்களே சட்டமாகியுள்ளன, கடைசியாக 1970இல். ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து இதைப் பயனற்றது என்று ஒதுக்கக் கூடாது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குவதைக்கு எதிராகக் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதன் தூண்டுதலில் அரசே கொண்டுவந்த மசோதா 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமாயிற்று. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின் ஓர் அவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா அது. மக்களவையைத் தாண்டவில்லை. பின்னர் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. முந்தையதில் இருந்த பல பாதுகாப்புகள் அதில் இல்லை என்று திருநர் சமூகத்தினர் வருந்தினார்கள்.

அவையில் தமிழில் பேசலாமா?

பேசலாம். அலுவல் மொழிகள் இந்தியும் ஆங்கிலமும் என்று 120ஆவது பிரிவு சொன்னாலும், அவற்றில் கருத்தைச் சரியாகச் சொல்ல இயலாத உறுப்பினர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம். முன்கூட்டித் தெரிவித்தால் உடனடி மொழிபெயர்ப்பு ஏற்பாடாகும்; மாநிலங்களவையில் 2018 முதல் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுக்கும் இந்த வசதி உள்ளது. உறுதிமொழியைத் தமிழில் ஏற்பது தமிழ்நாட்டு உறுப்பினர்களிடம் பரவலான வழக்கம்.

உறுப்பினர் மனசாட்சிப்படி வாக்களிக்க முடியாதா?

கட்சிக் கொறடாவின் உத்தரவு இருந்தால் இயலாது. மீறினால் பதவி போகலாம். 1985இல் 52ஆவது திருத்தம், கட்சித் தாவல் தடைச் சட்டம் எனப்படும் பத்தாவது அட்டவணையை அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தது. ஆட்களை விலைக்கு வாங்கி ஆட்சியைக் கவிழ்ப்பதைத் தடுப்பதே நோக்கம். அந்த நோக்கம் நியாயமானது. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் இதைப் பொருத்தியிருந்தால் குறை சொல்ல இடமில்லை. எல்லா மசோதாக்களுக்கும் பொருந்துவதால், மசோதாவைப் படித்துத் தன் கருத்தை உருவாக்கிக்கொள்ளும் தேவையே உறுப்பினருக்கு இல்லாமல் போகிறது. தகுதிநீக்கத்தை முடிவு செய்பவர் அவைத்தலைவரே என்பதும், அவர் பெரும்பாலும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பதும் இன்னொரு சிக்கல். குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல்களில் இரகசிய வாக்கு என்பதால் கொறடா உத்தரவு கிடையாது.

ஒரே ஒரு வாக்கின் எடையை 1999 ஏப்ரல் 17 காட்டியது. அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் கேட்ட நம்பிக்கை வாக்கு 269க்கு 270 என்று தோற்று, அரசு வீழ்ந்தது.

நாடாளுமன்றம் நினைத்தால் எந்தச் சட்டத்தையும் இயற்றிவிட முடியுமா?

முடியாது. ஒன்றியப் பட்டியல் அதற்குரியது, மாநிலப் பட்டியல் மாநிலங்களுக்குரியது, பொதுப் பட்டியல் இருவருக்கும் உரியது. பொதுப் பட்டியலில் முரண்பாடு வந்தால் நாடாளுமன்றச் சட்டமே மேலோங்கும். மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால் அந்த மாநிலத்தில் அது நிற்கும். ஜல்லிக்கட்டு இந்த வழியில்தான் காப்பாற்றப்பட்டது: மேலே சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2017இல் செய்த திருத்தம் அந்த ஒப்புதலைப் பெற்றது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

மாறாக, ஒரு மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் சாதாரணப் பெரும்பான்மையாலேயே நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டியதில்லை. சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு ஆனதும் 1968இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால்தான். அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு: 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகளில் 7 பேர், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்றார்கள்.

தொகுதி மறுவரையறையைக் கண்டு தமிழ்நாடு ஏன் அஞ்சுகிறது?

மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடுவதே அரசமைப்புச் சட்டத்தின் விதி. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967இல் 39 ஆயின. 1976இல் 42ஆவது திருத்தம், 1971 கணக்கெடுப்பின்படி இருந்த பங்கீட்டை உறையவைத்தது. 84ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றுச் செயல்பட்ட மாநிலங்கள் அதற்காகவே குரலிழக்கக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த நியாயம். அந்த நியாயம் இன்னும் தீர்ந்துவிடவில்லை என்றே நாம் கருதுகிறோம். மறுபுறம், பீகாரின் ஓர் எம்.பி. தமிழ்நாட்டு எம்.பி.யைவிட மிக அதிகமான மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2023இல் நிறைவேறிய, மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106ஆவது திருத்தமும் இந்த மறுவரையறையோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2023 மே 28 அன்று திறக்கப்பட்ட புதிய கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் அமைந்திருப்பதும் இந்தக் கவலையைக் கூட்டியிருக்கிறது.

அவை ஆண்டுக்கு எத்தனை நாள் கூடுகிறது?

இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதங்களுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது மட்டுமே சட்டம். 1952இல் தொடங்கிய முதல் மக்களவை தன் காலத்தில் 677 நாள் அமர்ந்தது; 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவை 274 நாள். அந்த ஐந்து ஆண்டுகளிலும் மக்களவைக்குத் துணைத் தலைவர் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை.

ஒரு சாதாரணக் குடிமகன் நாடாளுமன்றத்தை எப்படி அணுகலாம்?

நேரில் பார்க்க விரும்பினால் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையோடு பார்வையாளர் அனுமதிச் சீட்டுப் பெறலாம். 2023 டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து அவைக்குள் குதித்த சம்பவத்துக்குப் பிறகு சோதனைகள் கடுமையாகியுள்ளன. கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வீட்டிலிருந்தே பார்க்க, 2021இல் தொடங்கிய சன்சத் தொலைக்காட்சி உள்ளது.

பலருக்குத் தெரியாத வழி மனுக்கள் குழு. இரு அவைகளிலும் அப்படியொரு குழு உண்டு. பொதுநலம் சார்ந்த, நீதிமன்றத்தில் நிலுவையில் இல்லாத விஷயம் குறித்து எந்தக் குடிமகனும் மனுச் செய்யலாம். தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைக்க வேண்டும். முன்னாள் படைவீரர்கள் ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ கேட்டு அளித்த மனுவை, பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுதான் 2011இல் ஏற்று, அவர்களுக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. பின்னாளில் அரசு எடுத்த முடிவுக்கு அந்த அறிக்கை வலுவான அடிப்படையாக இருந்தது.

உங்கள் எம்.பி.க்கு எழுதும்போது குறையை மட்டும் எழுதாமல், எந்த அமைச்சகத்திடம் எந்தத் தகவலைக் கேட்க வேண்டும் என்று கேள்வி வடிவிலேயே எழுதித் தருவது பலன் தரும். உறுப்பினரின் உதவியாளருக்கு அதை முன்னறிவிப்புப் படிவத்தில் சேர்ப்பது எளிது. கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே அனுப்பிவிட வேண்டும். சாலை, நூலகம், சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கு, ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் வரை பணிகளைப் பரிந்துரைக்க உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உள்ளது.

என் பெயர் இன்னும் ஊரில்தான் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது; அப்படியே விட்டுவிடலாமா?

வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருக்க அனுமதியில்லை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போய்வருவதால் அங்கே குடியிருப்பதாக ஆகிவிடாது. ஏற்கெனவே பட்டியலில் பெயர் உள்ளவர் தில்லி முகவரிக்கு மாற, தேர்தல் ஆணையத்தின் படிவம் 8ஐ இணையவழியிலோ, வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தரலாம். முதன்முறையாகப் பதிவு செய்பவர்களுக்குப் படிவம் 6. வாடகை வீட்டில் இருப்பவர்கள் பதிவு செய்யப்பட்ட வாடகை ஒப்பந்தத்தை முகவரிச் சான்றாகத் தரலாம்.